மேசைமேல் நம் நிலம்

“இந்த வயதிலும் பொம்மையா?” சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டும் மாணவர்களிடம் வீட்டார் கேட்கும் கேள்வி இது. கட்டைவிரலின் மேற்கணு அளவே உயரம் கொண்ட போர்வீரர்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி, மேசையின்மேல் மலை, காடு, இடிந்த கோட்டை ஆகியவற்றை அமைத்து, அளவுநாடாவும் பகடையும் கொண்டு போர் விளையாடுவதே இப்பொழுதுபோக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதில் ஈடுபடும் இளைஞர்களுள் தமிழ் மாணவர்களும் உண்டு, நானும் ஒருவன்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவது சரியன்று. அதே வேளையில், இதில் நாம் எதைச் செய்கிறோம் என்று எண்ணிப் பாராமல் செய்துகொண்டே போவதும் சரியன்று. இப்பொழுதுபோக்கில் இரண்டு கைவேலைகள் உள்ளன. ஒன்று, உருவத்திற்கு வண்ணம் தீட்டுவது. மற்றொன்று, அவ்வுருவம் நிற்பதற்கு நிலம் செய்வது. உருவம் பெட்டியில் விலைக்கு வருகிறது. நிலத்தைப் பெரும்பாலும் நாமே செய்துகொள்கிறோம். நம் கையால் செய்யும் அந்த நிலம் ஏன் நம் நிலமாக இருக்கக்கூடாது? தோட்டப்புற வாழ்வை நேரில் அறிந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கும்போதே இக்கேள்விக்கு விடை காண வேண்டும் என்பது என் கருத்து.

பலகைக்கு நிலம் வந்த கதை

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்த அவ்விளையாட்டு, பாரசீகம் வழியாக மேற்கே சென்று இன்றைய செஸ் ஆயிற்று. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அங்கே படை இருக்கிறது; நிலம் இல்லை. அறுபத்து நான்கு கட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மேடு இல்லை, பள்ளம் இல்லை, கடக்க வேண்டிய ஆறும் இல்லை.

1780-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்பவர் இக்குறையைக் களைய முற்பட்டார். சதுரங்கப் பலகையைப் பன்மடங்கு பெரிதாக்கி, கட்டங்களுக்கு வெவ்வேறு வண்ணம் தந்து, இது மலை, இது சதுப்பு, இது நீர் என வகுத்தார். 1812-இல் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் தம் மன்னருக்கு ஒரு மேசையையே செய்து அளித்தார். மேடுபள்ளங்களோடு வார்க்கப்பட்ட துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வேண்டிய நிலத்தை அம்மேசையில் உருவாக்கலாம். அவருடைய மகன் 1824-இல் அவ்விளையாட்டை வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாகச் செப்பனிட்டார். பிரஷ்ய இராணுவம் அதைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது.

பின்னர் 1913-இல், அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். தகரப் போர்வீரர்களையும் பொம்மைப் பீரங்கியையும் கொண்டு, மரக்கட்டைகளாலும் தோட்டத்துக் குச்சிகளாலும் ஊரும் காடும் அமைத்து ஆடும் விளையாட்டு அது. மெய்யான போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்று வாதிட்டே அவர் நூலை முடித்தார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

இன்று உலகெங்கும் அறியப்பட்ட ‘வார்ஹேமர்’ விளையாட்டு 1983-இல் வெளிவந்தது. அதன் உரிமையாளரான ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ நிறுவனம் 1975-இல் இலண்டனில் மூன்று நண்பர்களால் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் அது இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பொம்மை என்று நாம் சிரிக்கும் பொருளின் வணிகம் அவ்வளவு பெரிது.

சதுரங்கத்தின் காய்களுக்குக் கீழே நிலத்தைக் கொண்டுவந்து வைத்ததால்தான் இவ்விளையாட்டு இப்படி வளர்ந்தது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

யாருடைய நிலம்?

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் கண்ட மேசைகளில் பெரும்பாலும் இருப்பவை எவை? ஐரோப்பியத் தேவாலயங்களின் இடிபாடுகள், ஊசியிலை மரங்கள், கற்பாலங்கள், பனி. வெள்ளைப் பசையில் சோடா மாவைக் கலந்து பூசினால் பனி படர்ந்த தரை கிடைக்கும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் தட்பவெப்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாலை மழைக்குப் பின் அடிப்பூச்சு ஸ்பிரேயை அடித்தால், காற்றின் ஈரத்தால் உருவத்தின் மேல் பூச்சு பொரிபொரியாகிவிடும். அதற்காக நல்ல வெயில் வரும்வரை காத்திருந்து அடிக்கிறோம். அந்த வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாம் செய்வதோ பனி!

இதில் அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் ஊரின் கல்லையும் காட்டையும் கண்டு செய்கிறார்கள். அவர்களின் கையேட்டைப் பார்த்து நாமும் அதையே செய்கிறோம். கையேட்டில் இருக்கும் தோல் வண்ணத்தையே உருவத்திற்கும் பூசுகிறோம். நம்மைப் போன்ற மாநிறத்தைத் தீட்ட வேண்டுமானால் அடர்ந்த செம்பழுப்பில் தொடங்கி, காவி கலந்து மேடான இடங்களை மெல்ல ஒளிர்விக்க வேண்டும். கடினமான வேலையன்று. ஆனால் செய்து பார்த்தவர்கள் குறைவு.

நம் நாட்டு நிலம் இவ்விளையாட்டில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரை ஆடுபவர்கள் மலாயாப் போர்முனையையும் ஆடுகிறார்கள். 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில், ஜப்பானிய டாங்கிகள் ரப்பர் தோட்டங்களின் ஊடே செல்லும் சாலைவழி பாய்ந்து, பிரிட்டிஷ் இந்தியப் படைகளை ஒரே நாளில் சிதறடித்தன. நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது. அப்போரை மேசையில் அமைக்கும்போது ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கும். விதிநூலில் அவற்றுக்கு ஒரே பொருள்தான் உண்டு: படை மறைந்து நிற்க உதவும் இடம். அம்மரங்களை நட்டவர் யார், அந்தக் காலையில் அம்மரங்களை வெட்டப் போக வேண்டியவர் யார், அவர் வீடு எங்கே இருந்தது என்ற கேள்விகளுக்கு மேசையில் இடமில்லை. அந்த மக்களில் எத்தனையோ பேர் அடுத்த ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போனார்கள். நம் நிலத்தைப் பிறர் செய்தால் மரம் இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்.

நிலத்தை முதலில் வைத்தவர் நாம்

நிலத்தை முதன்மையாக எண்ணுவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவை கருப்பொருள். மனித உணர்வாகிய உரிப்பொருளுக்கு இவை களமாக அமைகின்றன. மேசையில் நிலக்காட்சி செய்பவர் பின்பற்றும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. முதலில் தரை, பிறகு மரமும் வீடும், அதன்பின் மனிதர்.

போரைப் பாடும் புறத்திணைகளையும் தொல்காப்பியர் நிலத்தோடு இணைத்தே வைத்தார் என்பது இன்னும் வியப்புக்குரியது. ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தார். மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சியை முல்லைக்கும், மதிலை வளைக்கும் உழிஞையை மருதத்திற்கும், வலிமையை நாட்ட நேருக்கு நேர் பொரும் தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறமாக்கினார். வயலும் செல்வமும் மதிலும் உள்ள இடத்தில்தான் முற்றுகை நிகழும். பரந்த வெளி உள்ள இடத்தில்தான் இருபடையும் எதிர்எதிர் நிற்க முடியும் என்று இதற்குப் பொருள் காணலாம். மேசைப் போர் விதிநூல்களிலும் கவர்தல், முற்றுகை, நேர்ப்போர் என்று ஆட்ட வகைகள் உண்டு. அவற்றுக்கு வெட்சி, உழிஞை, தும்பை என்று பெயரிட்டு ஆடினால் என்ன குறைந்துவிடும்? இலக்கியப் பாடத்தில் தேர்வுக்காக மனனம் செய்யும் திணைப்பெயர்கள், ஓர் ஆட்டம் ஆடினால் மறக்காமல் நிற்கும்.

கொலு வைத்த கைகள்

கருத்து மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும் என்பீர்கள். அதுவும் நம் வீட்டிலேயே உள்ளது. நவராத்திரிக் கொலுவை எண்ணிப் பாருங்கள். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி போன்ற ஊர்களில் செய்யப்படும் மண்பொம்மைகளும் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் படிகளில் அமரும். படிகளுக்குப் பக்கத்தில், தரையில், வேறொன்றும் இருக்கும். மணலைப் பரப்பி, கேழ்வரகையோ வெந்தயத்தையோ முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, நடுவே கோவிலும் சந்தையும் திருமண ஊர்வலமும் அமைப்பார்கள். இதுதான் நிலக்காட்சி. வெல்ஸ் நூலெழுதிச் செய்ததை, பெயர் எதுவும் வைக்காமலே நம் பெண்கள் செய்துவந்திருக்கிறார்கள். முளைவிட்ட கேழ்வரகுப் புல்லுக்கு நிகராக எந்தக் கடையிலும் புல் கிடையாது.

வண்ணத்திற்கும் நமக்கு முன்னோடிகள் உண்டு. கோலாலம்பூர் துன் எச்.எஸ்.லீ சாலையில் உள்ள, 1873-இல் தோற்றம் கண்ட மகா மாரியம்மன் ஆலயத்தின் கோபுரத்தைக் கீழிருந்து பாருங்கள். சுதை உருவங்களின் கண்ணும் புருவமும் அணிகலனும் தரையிலிருந்தே தெளிவாகத் தெரிகின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்காக வண்ண வேறுபாட்டை மிகுதியாக்கித் தீட்டியிருப்பதே காரணம். சிற்றுருவத்திற்கும் இதே உத்திதான். பள்ளங்களில் நீர்த்த கருமையை ஓடவிட்டு, மேடுகளில் வண்ணம் துடைத்த உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தைத் தேய்த்து, இயற்கையில் இருப்பதைவிட நிழலையும் ஒளியையும் கூட்டிக் காட்டுகிறோம். கும்பாபிஷேகத்திற்கு முன் சாரமேறித் தீட்டும் கலைஞருக்கும், விளக்கடியில் குனிந்து தீட்டும் மாணவருக்கும் தொழில் ஒன்றே.

கடாரமா, தோட்டமா?

நம் நிலம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கடாரம். 1025-ஆம் ஆண்டுவாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை இப்பகுதிகளைத் தாக்கியது. அவன் வென்ற ஊர்களை அடுக்கும் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோவிலில் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் ஊர்கள் சிலவற்றுக்கு நிலக்குறிப்பும் உண்டு. மலையையே அரணாகக் கொண்டது ஓர் ஊர். ஆழ்கடலையே அகழியாகக் கொண்டது மற்றோர் ஊர். நிலக்காட்சி செய்பவருக்கு அது ஒரு வரைபடம் போல உதவும். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சண்டிகளின் அடித்தளங்களையும் மெர்போக் அருங்காட்சியகத்தில் நேரில் கண்டு அளக்கலாம்.

அதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், முதலில் செய்ய வேண்டியது அதுவன்று. கடாரத்திற்குச் சாட்சி கல்லும் கல்வெட்டும். அவை இன்னும் சில காலம் காத்திருக்கும். தோட்டத்திற்குச் சாட்சி நம் பாட்டியும் தாத்தாவும். அவர்களால் காத்திருக்க இயலாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் இன்று நடமாடும் இடங்களில் பல ஒரு காலத்தில் தோட்டங்கள். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டத்தின்மேல் எழுந்தது. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த புக்கிட் ஜாலில் விளையாட்டுத் தொகுதி, புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் அமைந்தது. இவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது புத்ராஜெயா. அது முன்பு பிராங் பெசார் தோட்டம். மலாய்மொழியில் ‘பெரும்போர்’ என்று பொருள். முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படையினர் 1921-இல் உருவாக்கிய தோட்டம் என்பதால் அப்பெயர் வந்தது. அங்கே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட ரப்பர் இனங்கள் இன்றும் ‘பி.பி.’ என்ற எழுத்துகளோடு அறியப்படுகின்றன. 1995-இல் புதிய நிர்வாகத் தலைநகரின் கட்டுமானம் தொடங்கியபோது, அங்கு வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலுக்கு இடம்பெயர்ந்தன.

போரின் பெயரைத் தாங்கிய ஒரு தோட்டம் நமக்கு இவ்வளவு அருகில் இருந்தது. படைவீரர்களின் நினைவு ஊர்ப்பெயராக நின்றது. மரத்தின் பெயராகவும் நிற்கிறது. அங்கு மரம் வெட்டியவர்களின் லயத்து வீடுகள் எந்த மேசையிலும் இல்லை.

செய்யும்போது எழும் கேள்விகள்

தோட்டத்தைப் பற்றி நாவலும் சிறுகதையும் கவிதையும் நிறைய வந்துவிட்டனவே, இனி மாதிரி எதற்கு என்று கேட்கலாம். எழுத்தாளர் ‘லயத்து வீடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். செய்பவர் அப்படிப் போக முடியாது. கூரை எந்தப் பக்கம் சரிந்தது? சமையல் உள்ளேயா, பின்கட்டிலா? வாசலுக்கும் கால்வாய்க்கும் இடையே எத்தனை எட்டு? தண்ணீர்க் குழாய் வரிசைக்கு ஒன்றா, எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா? மாரியம்மன் கோவில் வாசலிலிருந்து பார்த்தால் துரை பங்களா தெரியுமா? பிரட்டுக்களம் எங்கே? ஆயாக் கொட்டகை எங்கே? கள்ளுக்கடைக்குப் போகும் வழி எது? இவற்றுக்கு விடை தெரியாமல் ஓர் அட்டையைக்கூட வெட்ட முடியாது. விடை தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கணக்கும் சிலவற்றைச் சொல்லும். இவ்வுருவங்களின் அளவு ஏறத்தாழ ஐம்பத்தாறில் ஒரு பங்கு. பத்தடி அகல அறை என்றால் மேசையில் ஐந்தரை சென்டிமீட்டர். ஒரு குடும்பம் பெட்டியும் பாயும் அடுப்பும் பிள்ளைகளுமாக வாழ்ந்த இடம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. உருவங்களை உள்ளே வைத்துப் பார்க்கும்போதுதான் நெருக்கம் புரிகிறது. இருபது மீட்டர் உயரப் பால்மரம் மேசையில் முப்பத்தாறு சென்டிமீட்டர் நிற்கும். மனிதன் அதன் அடியில் மிகச் சிறியவன்.

மேசைப் போருக்கென நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு ஆறடிக்கு நான்கடி. ஐம்பத்தாறால் பெருக்கினால் 336 அடிக்கு 224 அடி. அதாவது ஒன்றே முக்கால் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஏக்கருக்கு 200 மரம் என்று வைத்தால் மேசை முழுவதும் ஏறத்தாழ 345 மரங்கள். ஒரு தொழிலாளி ஒரு காலையில் வெட்டியதோ நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒரு பெரிய படையே பொருதும் மேசையில், நம் பாட்டி ஒருத்தியின் ஒரு காலை வேலை அடங்காது. இதை எந்தப் பாடநூலும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை, அளவுகோல் சொன்னது.

முதற்பொருளில் நிலத்தோடு பொழுதும் உண்டல்லவா? மரம் வெட்டுவது விடியலின் குளிரில். அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே, இம்மேசையை நண்பகல் வெளிச்சத்தில் தீட்ட முடியாது. அடிமரத்திற்கு நீலம் கலந்த சாம்பல், தலைவிளக்கு படும் பட்டையில் மட்டும் வெளிர்மஞ்சள் என்று வண்ணத்தையே மாற்றிச் சிந்திக்க வேண்டியிருக்கும்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. மங்கு, நிரை, பிரட்டு, லயம், கிராணி, கங்காணி போன்ற சொற்கள் மலேசியத் தமிழின் சொத்து. அவற்றுக்குரிய பொருள்கள் கண்முன் இல்லாததால் அச்சொற்களும் நம் தலைமுறையின் வாயிலிருந்து நழுவுகின்றன. அகராதியில் பதிவது ஒரு வழி. மங்கை எதனால் செய்வது, மரத்தின் எந்த உயரத்தில் கட்டுவது என்று இருவர் பேசிக்கொண்டே செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் சொல் பேச்சில் வாழ்கிறது. தமிழ்க் கழகத்தின் வேலை இதுவல்ல என்று எவர் சொல்ல முடியும்?

மறுப்புகள் சில

செலவு அதிகம் என்பது முதல் மறுப்பு. உருவங்களைப் பொறுத்தவரை அது உண்மையே. ஒரு பெட்டிக்கு இருநூறு வெள்ளி என்பது பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவருக்குச் சிறு தொகையன்று. ஆனால், நிலத்திற்குச் செலவு குறைவு. நெளிவுள்ள அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் தகரக் கூரை தயார். பஞ்சால் செம்பழுப்பை ஒற்றினால் துரு. பழைய மின்கம்பியின் செம்பை முறுக்கி, பசை தோய்த்த மெல்லிழைத் தாளைச் சுற்றினால் அடிமரம். காபி, தேநீர் குடிக்காத விடுதி இல்லை. காயவைத்த தேயிலைச் சக்கை உதிர்ந்த சருகாகும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்தால் உட்குழிந்த இரு மங்குகள் கிடைக்கும். அளவு சற்றே பெரிது, ஆயினும் பார்வைக்குப் பொருந்தும். மரம் வெட்டும் பெண்ணின் உருவம் கடையில் எளிதில் கிட்டாது. வேறோர் உருவத்தின்மேல் பசைத்தாளால் முழுக்கைச் சட்டையும் கைலியும் தலைத்துண்டும் போர்த்தி நாமே ஆக்கிக்கொள்ளலாம்.

போரை விளையாட்டாக்குவது முறையா என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. போரால் பெற்றோரை, கணவரை இழந்த குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. ஆனால், நிலம் செய்வதற்குப் போர் கட்டாயமன்று. வாகைத்திணை மன்னரின் வெற்றியை மட்டும் பேசவில்லை; அவரவர் தத்தம் தொழிலில் மேம்பட்டு விளங்குவதையும் அது வாகை என்றே சொல்கிறது. மழை வருவதற்குள் நிரையை வெட்டி முடித்துப் பாலைச் சேர்க்க வேண்டும் என்று பகடையால் ஓர் ஆட்டம் அமைத்தால், எதிரியின்றியே அதில் பரபரப்பு இருக்கும். போரையே ஆட விரும்புவோர் சிலிம் ரிவரை ஆடட்டும். ஆனால் அம்மேசையில் லயமும் இருக்கட்டும், லயத்து மக்களும் இருக்கட்டும். அவர்கள் கண்முன் நிற்கும்போது பகடையை உருட்டும் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் நல்லது.

தோட்டத்தையே பேசிக்கொண்டிருந்தால் நாம் எப்போது முன்னேறுவது என்பது மூன்றாவது மறுப்பு. இதைச் சொல்பவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. வறுமையை அழகுபடுத்திக் காட்சிக்கு வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அதனால்தான் அளவு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஐந்தரை சென்டிமீட்டர் அறையைப் பத்து சென்டிமீட்டராக்கினால் அது பொய். கால்வாயை விட்டுவிட்டுப் பூச்செடியை மட்டும் வைத்தால் அதுவும் பொய். பூச்செடி இருந்ததென்று பாட்டி சொன்னால் கால்வாயோடு அதையும் வைக்க வேண்டும். எங்கிருந்து புறப்பட்டோம் என்ற தூரத்தைச் சரியாக அளந்தவருக்கே எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதும் தெரியும்.

என்ன செய்யலாம்?

நான் பரிந்துரைப்பது பெரிய திட்டமன்று. பல்கலைக்கழகங்களின் தமிழ்க் கழகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவில், நாடகத்திற்கும் கவியரங்கிற்கும் நடுவே ஒரு மேசைக்கு இடம் தரட்டும். ஆறடிக்கு நான்கடி போதும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு தோட்டம். இந்த ஆண்டு பிராங் பெசார் என்றால் அடுத்த ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஒன்று. பொறியியல் மாணவர் அளவு பார்க்கட்டும். வரலாற்று மாணவர் பழைய வரைபடத்தைத் தேடட்டும். தமிழ் மாணவர் சொற்களைத் தொகுக்கட்டும். வண்ணம் தீட்டத் தெரிந்தவர் மற்றவருக்குக் கற்பிக்கட்டும். கொலு வைக்கும் தாய்மார்களையும் அழைப்போம். புல் முளைக்கவிடும் வேலையில் அவர்களே நமக்கு ஆசிரியர்கள். விழா முடிந்ததும் மேசையைக் கலைத்துக் குப்பையில் போடாமல், அந்தத் தோட்டத்து மக்கள் இன்று வாழும் குடியிருப்பின் மண்டபத்திற்கோ தமிழ்ப்பள்ளிக்கோ கொடுத்துவிடலாம். தவறான இடத்தில் வைத்த குழாயை அவர்களே எடுத்துச் சரியான இடத்தில் வைப்பார்கள்.

வருகின்ற விடுமுறையில் ஊருக்குத் திரும்பும் நண்பர்களே, ஒரு குறிப்பேட்டையும் அளவுநாடாவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். அவரிடம் வாழ்க்கை வரலாறு கேட்க வேண்டாம். என்ன சொல்வதென்று அவர் திகைப்பார். உங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார். நீங்கள் குறித்துக்கொண்டு வாருங்கள். அட்டையும் பசையும் தயாராக இருக்கும்.